தாத்தா சொன்ன போரும் ஏட்டில் உள்ள போரும்: எதை நம்புவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தா 1941இல் பட்டாளத்தில் சேர்ந்து 1946இல் ஊர் திரும்பியவர் என்று வீட்டில் சொல்கிறார்கள். உயிரோடு இருந்தவரை அவர் மூன்று விஷயங்களை மாற்றாமல் சொல்லிவந்தார்: ரங்கூனிலிருந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தது, கோஹிமாவில் இருந்தது, நேதாஜியைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தது. வரலாற்று நூல்களோடு ஒப்பிட்டபோது இந்த மூன்றும் ஒரே மனிதருக்கு நேர்ந்திருக்க முடியாது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. மஞ்சள் மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பிறக்காது என்று பயந்து தூக்கி எறிந்ததாக அவர் சொன்னதையும், வயிற்றுக்கடுப்பில் இறந்துபோன ஒரு நண்பரைப் பற்றி எப்போதாவது பேசியதையும், பெட்டியில் கிடக்கும் ஒரு நட்சத்திரப் பதக்கத்தையும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆவணங்களை நம்புவதா, தாத்தாவை நம்புவதா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். கேள்வி அப்படி அமைந்திருந்தாலும், அவர் எங்களிடம் பொய் சொன்னாரா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது.

என் தகுதியையும் அதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் காலாட்படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன். அதில் இரண்டரை ஆண்டுகள் பட்டாலியன் அட்ஜுடண்டாக (கட்டளை அதிகாரியின் நிர்வாக உதவியாளராக) இருந்து, பிரிவில் அன்றன்று நடப்பதைப் பதியும் போர் நாட்குறிப்பை என் கையாலேயே எழுதியவன். ஓய்வுக்குப் பின், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய முதியவர்கள் சிலரைத் தேடிப் போய், அவர்கள் பேசுவதைப் பதிவுசெய்து, கிடைக்கிற ஆவணங்களோடு ஒத்துப்பார்ப்பதை ஒரு வேலையாகவே வைத்திருந்தேன். ஆனாலும் நான் அந்தப் போரில் இல்லாதவன். உங்கள் தாத்தாவின் காகிதங்களைப் பார்த்தவனும் இல்லை. ஆகவே அந்தக் காலத்தைப் பற்றி நான் எழுதுவதை உறுதியானதாகவும், அவரைப் பற்றி எழுதுவதை ஊகமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். வடக்கு எல்லையில் ஒரு மலைமுகாமில் இருந்தபோது, ஓர் இரவு எதிர்ப்பக்கத்திலிருந்து பீரங்கிக் குண்டுகள் வந்து விழுந்தன. அந்த இரவு என் நினைவில் இப்படித்தான் இருந்தது: பனி கொட்டிக்கொண்டிருந்தது; நள்ளிரவு தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது; என் பக்கத்தில் குனிந்திருந்த ஹவில்தார் "டீ ஆறிப் போகுது சாப்" என்றார்; எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது ஆண்டுகள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதெல்லாம் அந்த எனாமல் குவளையிலிருந்து எழுந்த ஆவி கண்முன் தெரியும். பிறகு ஒருமுறை பழைய பட்டாலியனுக்குப் போயிருந்தபோது அந்த மாதத்து நாட்குறிப்பைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. எழுத்து என்னுடையது. குண்டு விழுந்த நேரம் இரவு 10.40 முதல் 11.05 வரை. வானம் தெளிவாக இருந்ததாக நானே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஹவில்தார் அந்த வாரம் முழுக்க விடுப்பில் இருந்திருக்கிறார். டீயும் அவருடைய குரலும் நடந்தவைதான்; ஆனால் அவை வேறொரு இரவைச் சேர்ந்தவை. இரண்டு இரவுகளை யாரும் கேட்காமலேயே என் மனம் தைத்து வைத்திருக்கிறது.

அப்படியானால் ஏடுதான் நம்பத்தக்கது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அதே பக்கத்தில் "14 குண்டுகள், சேதம் ஏதுமில்லை" என்று இருந்தது. அந்த 14 எப்படி வந்தது என்பது எழுதியவனுக்குத் தெரியும். மூன்று காவல்நிலைகளிலிருந்து 11, 14, 20 என்று மூன்று எண்ணிக்கைகள் வந்தன. நடுவில் இருந்ததை எழுதிவிட்டுப் படுக்கப் போனேன். நாளைக்கு ஓர் ஆய்வாளர் அந்த ஏட்டைத் திறந்தால், அடிக்குறிப்போடு 14 என்றுதான் எழுதுவார். 'சேதம் ஏதுமில்லை' என்பதும் படை வழக்கில் சரியான வாசகம்தான். ஆனால் அன்றிரவு, வந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு ஜவானுக்குக் கை நடுங்கிப் பூட்ஸ் கயிற்றைக் கட்ட முடியவில்லை; நான் குனிந்து கட்டிவிட்டேன். அதை ஏட்டில் எழுத முடியாது, எழுதவும் இல்லை. ஹவில்தார் விஷயம் இப்படிப் போனபின், இதுவும் என் மனம் செய்த வேலைதானோ என்ற சந்தேகம் எனக்கே வந்தது. சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு திருமண மண்டபத்தில் அந்த ஜவானைச் சந்தித்தேன், தலை நரைத்திருந்தது. நான் எதுவும் எடுத்துக்கொடுக்காமலேயே என் மனைவியிடம், "அன்னிக்கு ராத்திரி சாப்தான் எனக்கு பூட்ஸ் கட்டிவிட்டாரு" என்றார்.

இதற்குப் பிறகு நான் கடைப்பிடித்த முறை இதுதான். ஒரு படைவீரர் சொல்வதை மொத்தமாக ஏற்பதும் இல்லை, மொத்தமாகத் தள்ளுவதும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்ப்பேன். தேதி, எண்ணிக்கை, எது முன் எது பின் என்ற வரிசை, இடத்தின் பெயர், யார் என்ன சொன்னார் என்பது ஆகியவை முதலில் குலையும். உடம்பு அறிந்தவை, அதாவது சுமையின் கனம், சேற்றின் ஆழம், மருந்தின் கசப்பு, துப்பாக்கியைத் துடைக்கும் விதம், பசி, யாரோடு ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்பது, கடைசிவரை குலையாமல் நிற்கும். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் சொல்லப்பட்ட கதை சொல்லச் சொல்ல மெருகேறி, சொன்னவருக்கே அந்த மெருகுதான் நினைவாகிவிடுகிறது. யாரும் கேட்காதபோது வேறு பேச்சுக்கு நடுவே வந்து விழும் துணுக்குகளில்தான் கலப்படம் குறைவு. எண்ணிக்கையைப் பொறுத்தவரை, கதை சொல்கிற தாத்தாக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்கப் படையின் வரலாற்றாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல், சண்டையில் இருக்கும் வீரர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் துப்பாக்கியால் சுடுவதில்லை என்று 1947இல் எழுதினார். உலகெங்கும் படைப்பள்ளிகளில் அது பாடமானது. அந்த விகிதத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று பின்னாளில் அவருடைய குறிப்பேடுகளைத் தேடியவர்களுக்கு அதைத் தாங்கும் கணக்கு எதுவும் அகப்படவில்லை.

இனி உங்கள் தாத்தாவின் மூன்று விஷயங்களுக்கு வருகிறேன். முதலாவது, ரங்கூன் நடை. இதில் உறுதியானவை இவை: 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள், அவர்களில் தமிழர், தெலுங்கர், ஒடியர், வங்காளிகள் எனப் பலரும் இருந்தனர். ஜப்பானிய விமானங்கள் 1941 டிசம்பர் 23 அன்றும் கிறிஸ்துமஸ் நாளன்றும் நகரின் மேல் குண்டு வீசின. 1942 மார்ச் 8இல் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏறக்குறைய 5,00,000 இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும், எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கும், கடைசியாக மழைக்காலத்தில் வட பர்மாவின் ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாகவும் நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களை எண்ணுவதற்கு அங்கே யாரும் இல்லை. படையினரும் அதே மாதங்களில் பின்வாங்கி நடந்து வந்து, 1942 மே மாதத்தில் இம்பால் சமவெளியை அடைந்தார்கள்.

உங்களுக்கு முரணாகத் தெரிவது, 1941இல் இந்தியாவில் படையில் சேர்ந்த ஒரு புதியவர், பயிற்சியையும் முடித்துக்கொண்டு, 1942 தொடக்கத்தில் ரங்கூனில் எப்படி இருந்திருப்பார் என்பது. நியாயமான சந்தேகம். ஆனால் அந்த 1941 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அது காகிதத்திலிருந்து வந்ததா, வீட்டாரின் வாயிலிருந்து வந்ததா? நான் பேசியவர்களிலேயே இருவர், பிழைப்புக்காக பர்மா போய், அங்கிருந்து அகதியாக நடந்து வந்து, ஊரில் வேலை ஏதும் இல்லாமல் 1942இன் பிற்பகுதியில் படையில் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருவரையும் 'பர்மாவிலிருந்து நடந்து வந்த மிலிட்டரிக்காரர்' என்றே அறிந்திருந்தார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நடக்கும்போது அவர்கள் மிலிட்டரி இல்லை, அவ்வளவுதான். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பர்மா எல்லைப்புறப் படை என்று ஒன்று இருந்தது; அதில் பர்மாவிலேயே வசித்த இந்தியர்கள் ஏராளமாக இருந்தார்கள்; அதில் சேர்ந்திருந்தால் 1941 என்ற ஆண்டும் ரங்கூனும் இரண்டுமே பொருந்திவிடும். இவற்றில் எது என்று கண்டுபிடிக்க ஒரு சிறு சோதனை இருக்கிறது. அவர் 'வெள்ளை வழி, கறுப்பு வழி' என்று எப்போதாவது சொன்னாரா என்று வீட்டில் விசாரியுங்கள். அகதிகளில் ஐரோப்பியருக்கு வசதியான ஒரு பாதையும், இந்தியருக்குக் கடினமான இன்னொரு பாதையும் ஒதுக்கப்பட்டன என்ற மனக்குமுறல் அப்போது நாடு முழுவதும் எழுந்தது. காங்கிரஸ் அதைக் கண்டித்தது. படையோடு அணிவகுத்து வந்தவர்களின் பேச்சில் அந்தச் சொற்களை நான் கேட்டதில்லை. அகதியாக வந்தவர்கள் இருவருமே சொன்னார்கள்.

கோஹிமா விஷயத்தில் ஆவணங்கள் மிகத் தெளிவாக இருக்கின்றன. அதனாலேயே ஏமாற்றவும் செய்கின்றன. 1944 ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து இரண்டு வாரங்களுக்கு மேல் நாகா மலையில் உள்ள கோஹிமா முகடு ஜப்பானியர் முற்றுகையில் இருந்தது. உள்ளே சண்டையிடக்கூடியவர்கள் 1,500 பேர் அளவில். அவர்களோடு சண்டைக்குச் சம்பந்தமில்லாத பணியாளர்களும் நோயாளிகளும் 1,000 பேர் அளவில். துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு ஒரு பக்கம் இவர்களும் மறுபக்கம் ஜப்பானியர்களும் கையெறி குண்டு எட்டும் தூரத்தில் பதுங்கியிருந்தார்கள். முற்றுகையைத் தாங்கி நின்ற முதன்மைப் படைகள் ராயல் வெஸ்ட் கெண்ட் ரெஜிமெண்டின் ஒரு பட்டாலியன், அஸ்ஸாம் ரெஜிமெண்ட், அஸ்ஸாம் ரைபிள்ஸ் ஆகியவை. இந்தப் பட்டியலில் ஒரு தமிழரைத் தேடினால் கிடைப்பது அரிது. நீங்கள் தேடிச் சோர்ந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் 'கோஹிமாவில் இருந்தேன்' என்று ஒரு பட்டாளத்துக்காரர் சொல்வதற்கு, அந்த டென்னிஸ் மைதானத்தில் பதுங்குகுழியில் இருந்தேன் என்று பொருள் இல்லை. திமாப்பூர் ரயில் நிலையத்திலிருந்து 46ஆவது மைலில் கோஹிமா. அங்கிருந்து இம்பாலுக்கு ஒரே சாலை. முற்றுகை விலகிய பின்னும் சண்டை ஓயவில்லை. ஜூன் 22 அன்று 109ஆவது மைல்கல் அருகே, கோஹிமாவிலிருந்தும் இம்பாலிலிருந்தும் முன்னேறிவந்த பிரிட்டிஷ் இந்தியப் படைகள் சந்தித்த பிறகுதான் சாலை திறந்தது. அந்த இரண்டரை மாதமும் அதற்குப் பின்னும் அந்தச் சாலையில் லாரி ஓட்டியவர்கள், மண்சரிவை அகற்றியவர்கள், பாலம் போட்டவர்கள், தந்திக் கம்பி இழுத்தவர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள், அரிசி மூட்டை இறக்கியவர்கள் எல்லோருக்குமே அது கோஹிமாதான். தமிழர்கள் அதிகமாக இருந்தது இத்தகைய பிரிவுகளில். கார்கிலில் 1999இல் இருந்ததாகச் சொல்கிற எல்லாரும் சிகரம் ஏறியவர்கள் அல்லர். அதற்காக அவர்கள் யாரையும் பொய்யர் என்று நாம் சொல்வதில்லை. உங்கள் தாத்தா கோஹிமாவில் என்ன செய்ததாகச் சொன்னார் என்பதுதான் கேள்வி. நீங்கள் எழுதியதில் 'இருந்தார்' என்று ஓரிடத்திலும் 'சண்டையிட்டார்' என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. முதல் சொல் அவருடையதாகவும் இரண்டாவது சொல் குடும்பத்தாருடையதாகவும் இருக்கக்கூடும்.

நீங்கள் வேடிக்கையாகக் குறிப்பிட்ட அந்த மஞ்சள் மாத்திரை இந்த மூன்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது மெபாக்ரின் என்ற மலேரியா மருந்து. கடுமையாகக் கசக்கும், தொடர்ந்து சாப்பிட்டால் தோலே மஞ்சளாகும், ஆண்மை போய்விடும் என்ற வதந்தி அந்தக் களம் முழுக்கப் பரவியிருந்தது, அதனால் துப்பியவர்களும் எறிந்தவர்களும் அநேகர். பர்மா களத்தில் போரிட்ட பிரிட்டிஷ் இந்திய 14ஆவது படையின் தளபதி ஸ்லிம், 1943இல் காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்ட ஒருவருக்கு நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர் என்று எழுதியிருக்கிறார். எல்லோரும் மாத்திரையை விழுங்குகிறார்களா என்று முன்னறிவிப்பின்றிச் சோதித்து, தவறிய பிரிவுகளின் கட்டளை அதிகாரிகளை அவர் பதவியிலிருந்தே நீக்கினார். அதற்குப் பிறகுதான் மலேரியா இறங்கியது. 1946இல் ஊருக்குத் திரும்பி வந்து வயல் வேலை பார்த்த ஒருவருக்கு இந்த வதந்தி புத்தகத்திலிருந்து தெரிந்திருக்காது. மாத்திரையை வாயில் வைத்தவருக்கோ, வைத்தவர்களோடு வரிசையில் நின்றவருக்கோதான் தெரியும். அவர் அந்தக் களத்தில் இருந்தார் என்பதற்கு, பதக்கத்தைவிட இதையே நான் வலுவான சாட்சியாகக் கொள்வேன்.

பதக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிப்பனில் நடுவே அகலமான சிவப்பும், இரு ஓரங்களில் கருநீலமும், அந்த நீலத்துக்கு நடுவே மெல்லிய ஆரஞ்சுக் கோடும் இருந்தால் அது பர்மா ஸ்டார். உலோகத்திலேயே பதக்கத்தின் பெயர் பொறித்திருக்கும் என்பதால் ரிப்பன் மங்கியிருந்தாலும் கவலையில்லை. ஆனால் அது பர்மா மண்ணை மிதித்தவருக்கு மட்டும் தரப்பட்டதல்ல. வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் வரையறுக்கப்பட்ட பகுதிகளில் குறிப்பிட்ட காலத்தில் பணியாற்றியவர்களுக்கும் உண்டு. அது '1939-45 ஸ்டார்' ஆக இருந்தால், போர்க்களப் பணி செய்தார் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. பதக்கத்தை எலுமிச்சை, புளி போட்டு விளக்கிவிடாதீர்கள். பலர் வீட்டில் அந்தத் தவறு நடந்து எழுத்தே தேய்ந்துபோயிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நேதாஜியைப் பார்த்தது என்பது மூன்றிலும் கடினமானது. அவர் சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலையில்; தலைமையகத்தை ரங்கூனுக்குக் கொண்டுவந்தது 1944 ஜனவரியில்; ரங்கூனை விட்டுக் கிளம்பியது 1945 ஏப்ரல் 24இல்; பிரிட்டிஷ் இந்தியப் படை அந்த நகருக்குள் நுழைந்தது அடுத்த மாதத் தொடக்கத்தில். போர்முனையின் இந்தப் பக்கம் இருந்த ஒரு சிப்பாய், அந்தப் பக்கம் இருந்த அவரைப் பத்தடி தூரத்தில் பார்த்திருக்க முடியாது. சிறைப்பட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்தால் பார்த்திருக்கலாம்; ஆனால் அப்படிச் சேர்ந்தவர்களைப் போருக்குப் பின் பிரிட்டிஷாருக்கு எவ்வளவு விசுவாசமானவர்கள் என்பதை வைத்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்து விசாரித்தார்கள்; உங்கள் தாத்தாவின் கதையில் முகாம், விசாரணை என்ற சொற்களே இல்லை. ஆகவே பர்மாவில் பார்த்தார் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் பர்மாவில் பார்த்ததாக அவர் சொன்னாரா? நீங்கள் எழுதியதில் இடம் இல்லை. 1939 செப்டம்பர் 3ஆம் தேதி, பிரிட்டன் ஜெர்மனியின் மேல் போர் அறிவித்த அதே நாளில், சுபாஷ் சந்திர போஸ் சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டம் ஒன்றில் பேசிக்கொண்டிருந்தார். போர் மூண்ட செய்தியைத் தாங்கிய மாலைப் பத்திரிகையைக் கூட்டத்திலிருந்து ஒருவர் அவர் கையில் கொடுத்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். அன்று அந்த மணலில் நின்றவர்களில் உங்கள் தாத்தாவும் ஒருவராக இருந்திருக்கலாம். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. முடியாததல்ல என்று மட்டுமே சொல்கிறேன். பிற்காலத்தில் கேட்டவர்கள் போஸ் என்றாலே பர்மா என்று நினைத்துக்கொண்டு, கடற்கரையைக் காட்டுக்கு மாற்றியிருப்பார்கள். பெரிய பெயரையும் பெரிய நிகழ்ச்சியையும் முடிச்சுப் போட்டுவிடுவது நமக்குப் புதிதல்ல. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தபோது அதில் செண்பகராமன் இருந்தார் என்று இன்றும் மேடைகளில் பேசுகிறார்கள். அந்த வாரங்களில் அவர் ஐரோப்பாவில், ஜூரிச்சில் இந்திய விடுதலைக்கான குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார் என்பதே ஆவணங்கள் காட்டுவது. இதில் செண்பகராமனுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் செய்தவை தனியே நிற்கக்கூடியவை.

ஏட்டில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று வாதிடுபவர்களுக்கு நான் காட்டுவது ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதையை. 415 கிலோமீட்டர் நீளப் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலைவாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். அவர்களுக்குப் பெயர் தெரியும், எண் தெரியும், தாய்லாந்தின் காஞ்சனபுரியில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உட்பட ஆசியத் தொழிலாளர்கள் கைதிகளைப் போலப் பல மடங்கு இருந்தார்கள். அவர்களில் இறந்தவர்களுக்கு மதிப்பீடு உண்டு, பட்டியல் கிடையாது. காலராவில் இறந்தவர்களைக் குவியலாக எரித்த முகாம்களில் பெயர் எழுத யாரும் உட்காரவில்லை. அங்கே தப்பி வந்த ஒரு தோட்டத் தொழிலாளியின் பேச்சு, தேதி குழம்பியிருந்தாலும், சில முகாம்களுக்கு இருக்கிற ஒரே ஆவணம்.

கடிதங்கள் ஏதாவது மிஞ்சியிருந்தால் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. நிகழ்ச்சிக்கு மிக அருகில் எழுதப்பட்டவை. ஆனால் 'நலம், கவலைப்பட வேண்டாம்' என்பதைத் தகவலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடிதம் தணிக்கையைத் தாண்டிப் போக வேண்டும், அம்மாவும் அழாமல் இருக்க வேண்டும். முதல் உலகப் போரின்போது 1915இல் பிரான்சிலிருந்து எழுதிய இந்தியச் சிப்பாய்கள் தங்களைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகாய் என்றும் மறைத்து, கருமிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்று ஊருக்குச் சொன்னார்கள். தணிக்கையாளர்களுக்கும் அது புரிந்தது. அவர்கள் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள்தான் இன்று நமக்குக் கிடைப்பவை.

இனித் தேடும் வழி. எல்லாவற்றுக்கும் முதலில் அவருடைய படை எண்ணும் எந்தப் பிரிவு என்பதும் வேண்டும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் எதுவும் நகராது. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் இருந்தால் அதில் இரண்டும் இருக்கும். அது இல்லையென்றால் உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு நிதியுதவி வழங்கிவந்திருக்கிறது. உங்கள் பாட்டி அதற்கு விண்ணப்பித்திருந்தால் பழைய கோப்பில் எண்ணும் பிரிவும் எழுதியிருக்கும். பிரிவு தெரிந்தபின், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியியல் படை) என்றால் பெங்களூருக்கும், சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் படை) என்றால் ஜபல்பூருக்கும், மருத்துவப் படை என்றால் லக்னோவுக்கும் அந்தந்த ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதலாம். ஓய்வூதியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர்களின் தாள்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவது வழக்கம் என்பதால், இல்லை என்று பதில் வந்தால் அதைத் தாத்தாவுக்கு எதிரான சாட்சியாகக் கருதாதீர்கள். பிரிவின் போர் நாட்குறிப்பு வேண்டுமென்றால், பர்மா களத்து நாட்குறிப்புகள் பெருமளவில் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதில் சிப்பாய்களின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்தத் தேதியில் எந்த மைல்கல்லில் கூடாரம் போட்டார்கள் என்பது கிடைக்கும், அது போதும்.

இதைவிட எளிய வழியும் ஒன்று இருக்கிறது. பலருக்கு அது தோன்றுவதில்லை. உயிரோடு திரும்பியவர்களுக்குப் பொதுவில் பட்டியல் இல்லை, இறந்தவர்களுக்கு இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இறந்த ஒவ்வொருவரின் பெயர், எண், பிரிவு, தேதி, பெரும்பாலும் தந்தை பெயரும் ஊரும் சேர்த்து இணையத்தில் வைத்திருக்கிறது. ரங்கூனுக்கு வெளியே தௌக்யானில் உள்ள நினைவுத் தூண்களில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள் உள்ளன. கோஹிமாவிலும் இம்பாலிலும் தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவிடங்கள் இருக்கின்றன. வயிற்றுக்கடுப்பில் இறந்த அந்த நண்பரின் பெயர் கிடைத்தால், அவருடைய பிரிவு தெரியும். அவருடைய பிரிவு தெரிந்தால் உங்கள் தாத்தாவின் பிரிவையும் அநேகமாக நெருங்கிவிடலாம். தேடும்போது தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதை நினைவில் வையுங்கள். முனியாண்டி என்ற ஒரே பெயருக்கு நான் ஐந்து எழுத்துக்கூட்டல்கள் பார்த்திருக்கிறேன். பெயரைச் சுருக்கித் தேடுங்கள், மாவட்டத்தை வைத்து வடிகட்டுங்கள்.

உங்கள் பெரிய அத்தைக்கு எண்பத்தாறு வயது என்றும் நினைவு நன்றாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கோஹிமா, ரங்கூன், நேதாஜி என்று எதையும் நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவை அப்படியே திரும்பி வரும். அப்பா எந்தச் சாப்பாட்டைக் கடைசிவரை தொடவில்லை, மழை பெய்தால் என்ன செய்வார், யாருடைய வீட்டுக்காவது பணமோ சேதியோ கொண்டுபோய்க் கொடுத்தாரா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். 1946இல் திரும்பியவர்களில் பலர், சொந்த வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே, இறந்த நண்பனின் ஊருக்குப் போய் அவனுடைய சாமான்களைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். உங்கள் தாத்தாவும் போயிருந்தால், அது எந்த ஊர் என்பது அத்தைக்குத் தெரிந்திருக்கும்.